காட்டுத்தீயும் கறுப்புக் கோடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கோடையில் காடு பற்றி எரியும்போது, தீயணைப்பு முகாம்களில் வரைபடம் போடுவது என் வேலை. சென்ற இதழில் அதைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே சாலையோ ஊரோ இல்லாத உள்காட்டில் எரியும் தீயைப் பற்றியவை. வீடுகளுக்கு நடுவே எரியும் தீ வேறு விஷயம். அதை இங்கே தொடவில்லை.

‘தீ 35 சதவீதம் கட்டுக்குள் வந்தது’ என்று செய்தியில் படிக்கிறோம். அப்படியென்றால் மீதி 65 சதவீதக் காடு இன்னும் எரிகிறது என்று அர்த்தமா? (கல்லூரி மாணவி ஒருவர்)

இல்லை. அந்தச் சதவீதம் பரப்பளவைப் பற்றியதே அல்ல, தீயின் சுற்றளவைப் பற்றியது. எரிந்த இடத்தைச் சுற்றி ஓர் எல்லை இருக்கும். அந்த எல்லையில் எவ்வளவு தூரத்துக்கு ‘இதைத் தாண்டித் தீ போகாது’ என்று களத்தில் இருப்பவர்கள் பொறுப்பேற்றுச் சொல்கிறார்களோ, அவ்வளவுதான் சதவீதம். சுற்றளவு நூறு மைல் என்றால், 35 மைலுக்கு அந்த உறுதி கிடைத்திருக்கிறது. உள்ளே மரங்கள் இன்னும் எரியலாம், புகை வரலாம். அது கணக்கில் வராது.

எங்கள் வரைபடத்தில் உறுதி கிடைத்த எல்லையைக் கறுப்பில் போடுவோம். மற்றதெல்லாம் சிவப்பு. ராத்திரியில் அகச்சிவப்புக் கருவி பொருத்திய விமானம் ஒன்று தீயின் மேலே பறந்து, எங்கெங்கே சூடு இருக்கிறது என்று பதிவு செய்துகொண்டு போகும். விடிவதற்குள் அது கோடுகளாகவும் புள்ளிகளாகவும் எங்களுக்கு வந்துவிடும். காலைக் கூட்டத்துக்கு முன்னால் புதிய வரைபடங்களை அச்சடித்துக் கையில் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் விமானம் காட்டியதை வைத்து ஒரு கோட்டைக் கறுப்பாக்கிவிட மாட்டோம். மனிதர்கள் நடந்து பார்க்க வேண்டும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பத்து இருபது பேர் வரிசையாக எரிந்த ஓரத்தில் மெல்ல நடப்பார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். புறங்கைத் தோலுக்குச் சூடு சட்டென்று தெரியும். சூடு இல்லை என்றால் தொடுவார்கள், பிறகு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். அடிமரம், வேர்க்குழி, பாதி கரிந்து விழுந்து கிடக்கும் கட்டை என்று ஒவ்வொன்றாக. எங்காவது சூடு தட்டினால் அங்கேயே மண்ணைக் கிளறி, தண்ணீர் இருந்தால் ஊற்றி, இல்லாவிட்டால் ஈர மண்ணைக் கலந்து ஆற வைத்துவிட்டுத்தான் அடுத்த அடி. இப்படி நடந்து முடித்த பிறகு, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் சாயங்காலம் என் மேஜைக்கு வந்து, இந்த ஓடையிலிருந்து அந்தப் பாறை வரைக்கும் கறுப்பாக்கலாம் என்று விரல் வைத்துக் காட்டுவார். அந்த இரண்டு அங்குலக் கோட்டுக்குப் பின்னால் ஒரு குழுவின் முழு நாள் உழைப்பு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சதவீதம் குறைவாக இருந்தால் தீயணைப்பவர்கள் தோற்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உள்காட்டுத் தீயில் ஒரு பக்கம் ஊரை நோக்கி இருக்கும். மறுபக்கம் பாறையும் பனியும் உள்ள மலை உச்சியை நோக்கி இருக்கும். அந்த மறுபக்கத்துக்கு யாரையும் அனுப்பவே மாட்டார்கள். அனுப்புவதில் ஆபத்து அதிகம், பலன் குறைவு. அதனால் என் வரைபடத்தில் அந்த ஓரம் முதல் பனி விழும் வரைக்கும் சிவப்பாகவே இருக்கும். சதவீதமும் ஏறாது. ஊர்ப்பக்கத்து வேலையோ எப்போதோ முடிந்திருக்கும்.

காட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இல்லை, லாரி போக வழி இல்லை. பிறகு எதைக் கொண்டுதான் தீயை அணைக்கிறார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

மண்ணைக் கொண்டுதான் ஐயா. எரிவதற்கு ஒன்றும் இல்லாத ஒரு கோட்டைத் தீயின் வழியில் உண்டாக்குவதுதான் முக்கியமான வேலை. சருகு, புல், வேர், மக்கிய இலை எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, வெறும் மண் தெரியும் வரைக்கும் போக வேண்டும். அகலம் ஒன்றரை அடியிலிருந்து மூன்று அடி வரை இருக்கும். செடி கொடிகள் அடர்த்தியாக இருந்தால் மேலே உள்ள கிளைகளையும் இன்னும் அகலமாக வெட்டித் தள்ளுவார்கள்.

‘ஹாட்ஷாட்’ என்று அழைக்கப்படும் குழுக்களில் சுமார் இருபது பேர் இருப்பார்கள். முன்னால் ரம்பக்காரர்கள், அவர்கள் வெட்டிப் போடுவதை இழுத்து எறிபவர்கள், அதற்குப் பின்னால் புலாஸ்கி பிடித்தவர்கள், கடைசியில் சுரண்டுபவர்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே நகர, கடைசி ஆள் கடக்கும்போது கோடு முழுமையாகியிருக்கும். புலாஸ்கி என்பது ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி போன்ற அலகு உள்ள கருவி. எட் புலாஸ்கி என்ற வனச்சரகரின் பெயரால் வழங்குகிறது. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மான்டானா மலைகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தபோது, தன் ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர் அவர்.

மலைச்சரிவில் தீக்குக் கீழே கோடு போடும்போது அது வெறும் கோடாக இருந்தால் போதாது, பள்ளமாகவும் இருக்க வேண்டும். எரியும் பைன் காய் ஒன்று உருண்டு வந்து கோட்டைத் தாண்டிக் கீழே உள்ள காய்ந்த புல்லில் விழுந்தால் போதும், அங்கிருந்து புதுத் தீ மேல்நோக்கி ஏறும். நடுவில் இருக்கும் குழு மாட்டிக்கொள்ளும். அதனால் கோட்டின் கீழ் ஓரத்தில் மண்ணை வரப்பு மாதிரி குவித்து, உருண்டு வருவது அங்கேயே தங்கும்படி செய்வார்கள். கோட்டுக்குக் குறுக்கே ஓடும் வேர்களையும் வெட்டியாக வேண்டும். தீ வேர் வழியாகவே ஊர்ந்து அந்தப் பக்கம் போய்விடும்.

கோடு போட்ட பிறகு பல சமயம் அவர்களே உள்பக்கத்தில் தீ வைப்பார்கள். டீசலும் பெட்ரோலும் கலந்த ‘டிரிப் டார்ச்’ என்ற குடுவையிலிருந்து எரியும் சொட்டுகளைக் கோட்டை ஒட்டி விட்டுக்கொண்டே நடப்பார்கள். பெருந்தீ வந்து சேர்வதற்குள் அதற்கான தீனியை இங்கேயே தீர்த்துவிடுவதுதான் நோக்கம். காற்றும் ஈரப்பதமும் ஒத்து வரும் நேரத்தில் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

தீ நாக்கு நாலடிக்கு மேல் போனால் கைக்கருவியோடு அதன் முகப்பில் யாரும் நிற்கக் கூடாது என்பது அங்கே பொதுவான அளவுகோல். அப்போது குழு பின்வாங்கி, அடுத்த மலைமுகட்டிலோ ஆற்றங்கரையிலோ கோட்டைத் தொடங்கும். பார்ப்பவர்களுக்கு ஓடுவது மாதிரி தெரியும். தீயணைப்பில் அனுபவம் உள்ளவர்கள் எடுக்கும் முடிவு அது.

காடு பற்றி எரிகிறது. அந்த நேரத்தில்கூட ‘இது பாதுகாக்கப்பட்ட பகுதி, புல்டோசர் வரக் கூடாது’ என்று சட்டம் பேசுவது சரியா? (வாசகர் ஒருவர்)

சரி என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

1964 செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் ‘வில்டர்னஸ்’ என்ற வகையை உருவாக்கியது. அந்தப் பகுதிகளில் நிரந்தரச் சாலை கிடையாது. மோட்டார் வண்டி, மோட்டார் கருவி, விமானம் இறக்குவது எதற்கும் பொதுவாக அனுமதி இல்லை. ஆனால் தீயைக் கட்டுப்படுத்தத் தேவையான நடவடிக்கைகளுக்கு அதே சட்டத்தில் இடமிருக்கிறது. எனவே ‘கூடவே கூடாது’ என்பதல்ல. மோட்டார் ரம்பம் வேண்டுமென்றாலும் ஹெலிகாப்டர் இறங்க வேண்டுமென்றாலும் பொறுப்பான அதிகாரி யோசித்து ஒப்புதல் தர வேண்டும். மனித உயிருக்கு ஆபத்து என்றால் ஒப்புதல் உடனே கிடைக்கும். புல்டோசருக்கு மட்டும் மிகுந்த தயக்கம்.

அந்தத் தயக்கத்தின் காரணத்தை வரைபடத்திலேயே பார்க்கலாம். தீ எரிந்த இடம் சில வருஷங்களில் பச்சை பிடித்துவிடுகிறது. லாட்ஜ்போல் பைன் மரத்தில் பிசின் பூட்டிய காய்கள் தீயின் சூட்டில்தான் திறந்து விதையைக் கொட்டுகின்றன. ஆனால் புல்டோசர் கீறிய பட்டை பல பத்தாண்டுகளுக்கு அப்படியே தெரியும். மேல்மண் போய்விடும், மழைத்தண்ணீர் அதில் ஓடி ஓடையாகும், களைச்செடிகள் அதன் வழியாக உள்ளே நுழையும், அப்புறம் யாராவது அதில் வண்டி ஓட்டத் தொடங்குவார்கள். தீயைவிடத் தீயணைப்பு காட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் அங்கே கொள்கை.

அதனால் குழுக்கள் நடந்தே போகின்றன. சாமான்களைக் கோவேறு கழுதைகள் சுமந்து வரும். மோட்டார் ரம்பத்துக்கு ஒப்புதல் இல்லாத இடத்தில் இரண்டு பேர் இருபக்கமும் பிடித்து இழுக்கும் நீண்ட ரம்பத்தால் மரம் அறுப்பார்கள். புதிதாகக் கோடு வெட்டுவதைவிட ஆறு, பாறைத்தொடர், முன்பு எரிந்த தழும்பு இவற்றையே எல்லையாக எடுத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். தீ அடங்கியதும் அதே ஆட்கள் திரும்பி வந்து, தாங்கள் வெட்டிய கோட்டில் மண்ணையும் சருகையும் இழுத்து மூடி, மழைத்தண்ணீர் நேராக ஓடாதபடி குறுக்கே சிறு தடுப்புகள் வைத்து, அறுத்த அடிமரங்களைத் தரைமட்டமாக வெட்டி, படுத்த இடத்தின் சுவடுகூட இல்லாமல் ஆக்கிவிட்டுப் போவார்கள். உடல் ஓய்ந்துபோன நேரத்தில் செய்கிற இந்த வேலையைப் படம் பிடிக்க எந்தப் பத்திரிகையும் வருவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

விமானத்திலிருந்து சிவப்பாகக் கொட்டுகிறார்களே, அது என்ன? (பள்ளி மாணவர்)

தண்ணீரில் அம்மோனியம் பாஸ்பேட் உப்பு முதலானவற்றைக் கலந்த திரவம், தம்பி. சிவப்பு நிறம் எங்கே விழுந்தது என்று விமானிக்குத் தெரிவதற்காகச் சேர்க்கும் சாயம். அது தீயை அணைக்காது. செடிகளின் மேல் படிந்து தீயின் வேகத்தைக் குறைக்கும். அந்த இடைவெளியில் தரையில் ஆட்கள் வந்து கோடு போட வேண்டும். வராவிட்டால் கொட்டியது பெரும்பாலும் வீண்தான். நீரோடைகளில் விழுந்தால் மீன்கள் சாகும் என்பதால் கரையிலிருந்து 300 அடி தள்ளியே கொட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது.

சில தீயை அணைக்காமலேயே விட்டுவிடுகிறார்களாமே. இது பொறுப்பில்லாத்தனம் இல்லையா? (வங்கி ஊழியர்)

நீங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அமெரிக்காவும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நினைத்தது. 1910 தீயின் அதிர்ச்சியில் எல்லாத் தீயும் பகை என்று முடிவு கட்டினார்கள். 1935-இல், எந்தத் தீயாக இருந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்றே உத்தரவு போட்டார்கள். அது 1978 வரை நீடித்தது.

விளைவு என்ன? தென்மேற்கின் பான்டரோசா பைன் காடுகளில் சில வருஷங்களுக்கு ஒருமுறை மின்னல் விழுந்து பற்றும் தீ, தரையோடு தரையாக எரிந்து, சருகையும் சிறு செடிகளையும் தின்றுவிட்டுப் போகும். பெரிய மரங்களின் தடித்த பட்டை அதைத் தாங்கும். பழங்குடி மக்களும் தேவை அறிந்து தீ வைத்துக் காட்டைப் பேணினார்கள். இதையெல்லாம் நிறுத்தியதும் சருகு குவிந்தது, நோஞ்சான் கன்றுகள் நெருக்கமாக வளர்ந்து பெரிய மரத்தின் கிளைக்கு ஏணி வைத்தன. அப்புறம் பற்றியபோது தீ மர உச்சிக்கே போனது.

1972-இல் ஐடஹோ–மான்டானா எல்லையில் உள்ள செல்வே-பிட்டர்ரூட் வில்டர்னஸில், மின்னல் தீயைக் கண்காணித்தபடி எரிய விடத் தொடங்கினார்கள். நியூ மெக்சிகோவின் கிலா வில்டர்னஸும் எழுபதுகளிலேயே அந்த வழிக்கு வந்தது. 1964 சட்டம் வருவதற்கு முன்பே, 1924-இல், இந்த வகையில் முதன்முதலாக ஒதுக்கப்பட்ட காடு அது. எரிய விடுவது என்றால் கைவிடுவது அல்ல. தினமும் அதன் ஓரம் அளக்கப்படும், காற்று பார்க்கப்படும், எந்த முகட்டைத் தாண்டினால் ஆட்களை இறக்குவது என்று முன்கூட்டியே கோடு குறித்து வைத்திருப்பார்கள். அந்தக் கோட்டை வரைபடத்தில் போடும்போது எனக்குக் கை நடுங்கியதுண்டு. தவறினால் அந்தப் பக்கம் மனிதர்கள் இருக்கிறார்கள்.

தவறுவதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1988-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் முதலில் விட்டு வைத்த சில தீக்கள் வறட்சியிலும் காற்றிலும் கைமீறின. மனிதர்கள் மூட்டிய தீக்களும் சேர்ந்துகொண்டன. அந்தக் கோடையில் மொத்தம் சுமார் 25,000 பேர் வேலை செய்தார்கள், 12 கோடி டாலர் செலவானது. கடைசியில் தீயின் வேகத்தைத் தணித்தது செப்டம்பர் 11 அன்று விழுந்த கால் அங்குலப் பனி. 2012-இல் கிலாவில் இரண்டு மின்னல் தீக்கள் ஒன்று சேர்ந்து 2,97,000 ஏக்கருக்கு மேல் பரவின. முன்பு எரிந்திருந்த இடங்களில் அந்தத் தீ பொதுவாக மென்மையாகவே கடந்தது. உயரமான மலைப்பகுதிகளில் மரங்களை அடியோடு கொன்றது. சாம்பல் கலந்த வெள்ளம் ஓடைகளுக்குள் வரும் என்று பயந்து, அரிய கிலா ட்ரவுட் மீன்களைப் பிடித்துப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

எல்லாத் தீயையும் அணைப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு. அந்த விலையைப் பின்னால் வரும் தலைமுறை கொடுக்கிறது. மழைக்குப் பிந்தைய, காற்று இல்லாத நாட்களில் உள்காட்டில் எரியும் சிறு தீயை விட்டு வைப்பதை நான் ஆதரிக்கிறேன். வறண்ட ஜூன் மாதத்தில் அல்ல.

மழை பெய்து தீ தெரியாமல் போன பிறகும் வாரக்கணக்கில் ஆட்களை வைத்திருப்பது ஏன்? (இல்லத்தரசி ஒருவர்)

நியூ மெக்சிகோவில் 2022 ஜனவரியில் வெட்டிக் குவித்த மரக்குவியல்களை வனத்துறை முறைப்படி எரித்தது. அணைந்துவிட்டது என்று நினைத்தார்கள். மேலே மூன்று முறை பனி பெய்தது. அத்தனையையும் தாண்டி மண்ணுக்கு அடியில் கனன்றிருந்து, ஏப்ரலில் வெளியே வந்தது அந்தத் தீ. பக்கத்திலேயே, வனத்துறை வைத்த இன்னொரு தீயும் கட்டுமீறியிருந்தது. இரண்டும் சேர்ந்து 3,41,000 ஏக்கரையும் நூற்றுக்கணக்கான வீடுகளையும் எரித்தன. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே பெரிய தீ அதுதான். இதைத் தெரிந்தவர் யாரும் ஒரு மழையை நம்பி வீட்டுக்குப் போக மாட்டார்.

என் அக்கா மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். கல்லூரி விடுமுறையில் காட்டுத்தீக் குழுவில் சேரப் போகிறேன் என்கிறாள். அக்கா அழுகிறாள். என்ன சொல்வது? (வாசகி ஒருவர்)

அம்மா, பயம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1949 ஆகஸ்ட் 5 அன்று மான்டானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் பாராசூட்டில் குதித்து இறங்கிய இளைஞர்களை, காய்ந்த புல்லில் ஏறி வந்த தீ துரத்தியது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும். மனிதன் மேல்நோக்கி ஓடும்போதுதான் மெதுவாவான். தலைவர் வேக் டாட்ஜ் தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். வாருங்கள் என்று கூப்பிட்டார். மற்றவர்களுக்குப் புரியவில்லை, தாண்டி ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். 2013-இல் அரிசோனாவின் யார்னெல் மலையில் ஒரே குழுவைச் சேர்ந்த 19 பேர் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட மரணங்களிலிருந்துதான் விதிகள் பிறந்தன. வேலை தொடங்கும் முன் நான்கு விஷயம் உறுதியாக வேண்டும்: தீயைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆள், அவரோடு வானொலித் தொடர்பு, தப்பும் வழிகள், போய்ச் சேர வேண்டிய பாதுகாப்பான இடம். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வேலை தொடங்கக் கூடாது. பாதுகாப்பில்லாத வேலையை மறுக்கும் உரிமை புதிதாகச் சேர்ந்தவருக்கும் உண்டு. உங்கள் அக்கா மகளிடம் இந்த நான்கையும் தினமும் கேட்கச் சொல்லுங்கள். இடுப்பில் அலுமினியத் தாள் பூசிய மடிப்புக் கூடாரம் ஒன்று இருக்கும். அது கடைசி வழி; அதை நம்பி எங்கும் நுழையக் கூடாது.

தீயைத் தவிர, எரிந்து நிற்கும் மரங்கள் சத்தமில்லாமல் விழும். தலைக்கவசம் போட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி நடக்கும் பழக்கம் வர வேண்டும். புகையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீயணைப்பாளர் தொழிலைப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களில் ஒன்றாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. 14 நாள் தொடர்ந்து வேலை, பிறகு சில நாள் ஓய்வு. வேலை நாளில் 16 மணி நேரம்வரைகூட ஆகும்.

அவள் உறுதியாக இருந்தால் இப்போதே நடக்கத் தொடங்கட்டும். 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ மூட்டையோடு மூன்று மைலை 45 நிமிடத்தில் ஓடாமல் நடந்து முடிக்க வேண்டும். அதுதான் உடல் தகுதித் தேர்வு. அதோடு அடிப்படைப் பயிற்சி வகுப்பையும் முடித்தால்தான் ‘ரெட் கார்டு’ என்ற அட்டை கையில் கிடைக்கும். காலில் எட்டு அங்குல உயரத் தோல் பூட்ஸ் கட்டாயம். அதைச் சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, போட்டுப் பழகிக்கொள்ளட்டும். புது பூட்ஸோடு முதல் நாள் மலை ஏறி, மூன்றாம் நாள் கொப்புளத்தோடு முகாமுக்குத் திரும்பியவர்கள் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன்.